மார்கழிக் குளமும் நாற்பது பக்க நோட்டும்

"பழைய ஞாபகம் ஏதாவது எழுதிக் கொடுங்க அண்ணாச்சி" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். ஹாஸ்டல் சாம்பார், கட் அடித்துப் பார்த்த சினிமா, தேர்தல் ஸ்டிரைக் இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம் பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது வேறு ஒரு சரக்கு. ஒரு கட்டு நாற்பது பக்க நோட்டுகள். அவற்றில் பறவைகளின் கணக்கு மட்டுமே இருக்கிறது. அந்த நோட்டுகளின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் என் தவறு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பி.யூ.சி. முடித்து 1976-இல் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்தவன் நான். எங்கள் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'குருவி சார்'. அது அவருக்கும் தெரியும், கோபப்பட மாட்டார். மார்கழி பிறந்துவிட்டால் ஞாயிறு காலை ஐந்தரைக்கெல்லாம் ஹாஸ்டல் கதவைத் தட்டுவார். போர்வையும் மப்ளருமாக நாங்கள் பன்னிரண்டு பேர் அவர் பின்னால் போவோம். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பைனாகுலர். போவது வெகுதூரம் இல்லை. கல்லூரிக்குப் பின்னால், கருவேலங்காட்டைத் தாண்டி இருந்த சின்னக் குளம்தான்.

"ஏல, சத்தம் போடாத. அது உன் வீட்டுக் கோழி இல்ல, கூப்பிட்டதும் வாரதுக்கு" என்பார். பனி விலக விலக, தண்ணீர் மேல் கறுப்புப் புள்ளிகளாக இருந்தவை வாத்துகளாக மாறும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, கரையோரம் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் வாலாட்டி, சேற்றில் குத்திக் குத்தித் தின்னும் உள்ளான். ஒருவன் எண்ணிச் சொல்ல, ஒருவன் எழுத வேண்டும். சார் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "பார்த்ததை எழுது. நினைச்சதை எழுதாத." தேதி, நேரம், குளத்தில் தண்ணீர் எவ்வளவு, எந்தப் பறவை, எத்தனை. அவ்வளவே. குளிர்காலத்துக்கு ஒரு நோட்டு.

குளிர்காலத்தில் ஏன் இந்தக் கூட்டம் வருகிறது என்று அவர் விளக்கியது இன்றும் காதில் கேட்கிறது. வடக்கே, மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் ஏரிகள் உறைந்துவிடும். பூச்சி இருக்காது, பகலும் குறுகிவிடும். அதே சமயம் நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக் குளங்கள் நிறைந்திருக்கும். அங்கே கதவடைக்கும் நேரத்தில் இங்கே பந்தி விரிக்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசியில் வந்து பங்குனி வாக்கில் திரும்பிப் போய்விடும். சத்திமுற்றப் புலவர் தம் மனைவிக்கு நாரையைத் தூது விட்டாரே, பறவை ஒரு பருவத்தில் தெற்கே வந்து பிறகு வடக்கே திரும்பும் என்பது நம் முன்னோர் அறிந்த செய்திதான்.

இன்னொன்றையும் அடிக்கடி திருத்துவார். "வெளிநாட்டுப் பறவை இங்கே வந்து முட்டை இடுது" என்று பத்திரிகைகள் எழுதும். அது சரியில்லை. மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நம் நாட்டுப் பறவைகள். வடக்கேயிருந்து வரும் வாத்துகள் இங்கே தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, முட்டையிடத் தங்கள் ஊருக்கே போய்விடும்.

பறவை பார்ப்பது என்பதே ஒரு காலத்தில் துப்பாக்கியோடு சேர்ந்த காரியம். வெள்ளைக்கார துரைமார்களுக்குக் குளிர்காலம் என்றால் உள்ளான் வேட்டையும் வாத்து வேட்டையும்தான். சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் 1860-களில் இந்தியப் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். காங்கிரஸ் மகாசபை உருவாகக் காரணமாயிருந்த ஹியூம், அது பிறந்த அதே 1885-இல், எண்பதாயிரத்துக்கும் மேலான பறவைத் தோல்களையும் முட்டைகளையும் லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். அந்த அறிவெல்லாம் சுட்டுச் சேர்த்த அறிவு. அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் அன்று யார் அதிகம் சுடுகிறார்கள் என்று கட்சி பிரித்து வேட்டையாடும் வழக்கம் இருந்தது. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று ஃபிராங்க் சாப்மன் என்பவர், "சுட வேண்டாம், எண்ணுவோம்" என்று ஆரம்பித்தார். அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

நம் நாட்டில் அந்த மாற்றத்தின் முகம் சாலிம் அலி. சிறுவனாக ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு, அது என்ன குருவி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனவர். 1941-இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல்தான் எங்கள் சாருக்கு வேதம். அட்டை கிழிந்து, பசை போட்டு ஒட்டிய பிரதி. 1960-களில் அந்தக் கழகத்தார் ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் அலுமினிய வளையம் மாட்டி, எங்கே போய் எங்கே வருகின்றன என்று ஆராய்ந்தார்கள். பிற்பாடு நம் கோடியக்கரையிலும் அந்த வேலை பல ஆண்டுகள் நடந்தது.

மூன்றாம் ஆண்டு, 1979 ஜனவரியில், சார் எங்களைக் கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனார். திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் ஏறி, மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனோம். கையில் புளியோதரைப் பொட்டலம். ஊருக்குள் நுழைந்ததும் நாங்கள் வாயடைத்துப் போனோம். குளத்தில் மட்டுமா? வீட்டுக் கொல்லை வேப்பமரம், தெருமுனைக் கருவேலமரம் எல்லாவற்றிலும் நாரைக் கூடுகள்! கீழே பெண்கள் பாத்திரம் தேய்க்கிறார்கள், மேலே குஞ்சுகள் கத்துகின்றன.

திண்ணையில் இருந்த ஓர் ஆச்சியிடம், "நாத்தமா இல்லையா ஆச்சி?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"நாத்தந்தான். அந்த எச்சந்தானய்யா எங்க வயலுக்கு உரம்" என்றார் அவர். "பெத்த மக தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தா, நாத்தம்னு சொல்லுவியா? வராத வருசந்தான் எங்களுக்குப் பயம். பறவ வரலைன்னா மழ வரலைன்னு அர்த்தம்."

அந்த ஊரில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை. 1994-இல்தான் அது அரசின் பறவைகள் சரணாலயம் ஆனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் வேடந்தாங்கல் கதையைச் சொன்னார். துரைமார்கள் அங்கே வந்து நாரைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், அவர்கள் உரிமையை ஒப்புக்கொண்டு 'கவுல்' எழுதிக் கொடுத்தார். 1798-இல் என்று சொல்வார்கள். 1858-இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். "கவனிச்சியா? வாய்ச்சொல்லோட நிக்கல. எழுத்துல வாங்கியிருக்கான். நாள பின்ன ஒருத்தன் வந்து கேட்டா காட்டுறதுக்குக் காகிதம் வேணும்ல" என்றார் சார். அன்று அது எனக்கு ஒரு கதை. அவ்வளவுதான்.

டிகிரி முடித்தேன், சர்வீஸ் கமிஷன் எழுதினேன், அரசு வேலை கிடைத்தது. கல்யாணம், குழந்தை, டிரான்ஸ்ஃபர். பைனாகுலர் என்ற சொல்லே மறந்துபோனது.

1994-ஆம் ஆண்டு. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது. கல்லூரிக்குப் பின்னால் இருந்த அதே குளம்! ஒரு கட்டடத்துக்காக அந்த இடத்தைக் கேட்டிருந்தார்கள். நேரில் பார்த்துக் குறிப்பு எழுத வேண்டியவன் நான். போனது மே மாதம், அக்கினி நட்சத்திரம். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். "நீரின்றி உள்ளது, பாசனப் பயன்பாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. மேலே எத்தனையோ கையெழுத்துகள் விழுந்தன. என்னுடையது சின்னக் கையெழுத்துதான். ஆனால் மார்கழியில் அந்தக் குளம் எப்படி இருக்கும் என்று தெரிந்த கையெழுத்து அது ஒன்றுதான். அடுத்த மழைக்கு முன் லாரி லாரியாக மண் வந்து கொட்டியது.

இரண்டு வருஷம் கழித்து, 1996 டிசம்பரில், சாரைப் பார்க்கப் போனேன். ரிட்டயர் ஆகி, மூட்டுவலியால் வெளியே நடக்க முடியாமல் இருந்தார். கொல்லைப்புறத்தில் ஒரு ஈசிசேர், மடியில் அதே நாற்பது பக்க நோட்டு. "கண்மாய்க்குப் போக முடியல, கண்மாய் வீட்டுக்கு வராது. ஆனா குருவி வருதே" என்று சிரித்தார். முருங்கைப் பூவில் தேன்சிட்டு, வேம்பில் மாங்குயில், துணிக்கொடிக் கம்பியில் பழுப்புக் கீச்சான் எல்லாம் நோட்டில் இருந்தன. அந்த ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை வராந்தாவில் ஆறுமணிக்குருவி ஒன்று களைத்து விழுந்து கிடந்ததாம். இமயமலை அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இரவில் பறந்து தெற்கே வரும் பறவை அது. இப்படி வீடுகளில் வந்து விழுவது உண்டு. கூடையைக் கவிழ்த்து நிழலில் வைத்திருந்து, தெம்பு வந்ததும் விட்டுவிட்டார்களாம்.

அப்போதுதான் குளத்து விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்:

"மே மாசத்துலயா போன?"

"ஆமா சார்."

"உங்கிட்ட மார்கழி நோட்டு இல்லையேன்னு எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?"

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வேடந்தாங்கல் ஏரிக்குக் கவுல் இருந்தது. எங்கள் குளத்துக்கும் காகிதம் இருந்திருக்கிறது: ஒவ்வொரு குளிர்காலமும் தேதி போட்டு, எண்ணிக்கை போட்டு, பையன்கள் கையெழுத்தில். அது அலமாரியில் தூங்கியது, நான் மே மாத வெயிலைப் பார்த்து எழுதினேன்.

சார் 2012-இல் காலமானார். அவர் மகள் அந்த நோட்டுக் கட்டை என்னிடம் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் 1977 மார்கழியில் என் கையெழுத்து: "குளம் முக்கால் நிறைவு. நீலச்சிறகு வாத்து 43."

அன்று சார் தனியாகச் செய்ததை இன்று ஊரே சேர்ந்து செய்கிறது என்பதுதான் ஆறுதல். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தனியே நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. கல்லூரி மாணவர்களும் குழுக்களாகப் போய் எண்ணுகிறார்கள். 2015-இல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஆரம்பமானது. பொங்கல் விடுமுறை நாட்களில், வயலோ குளமோ வீட்டு மொட்டை மாடியோ, நின்ற இடத்தில் பதினைந்து நிமிஷம் பார்த்து எழுதினால் போதும். நாற்பது பக்க நோட்டுக்குப் பதில் இ-பேர்ட் என்று செல்போனிலேயே பதிவு செய்கிறார்கள். அலமாரியில் தூங்காது, யாரும் எப்போதும் எடுத்துப் பார்க்கலாம்.

ஊர்கள் சேர்ந்து நின்றால் காரியம் நடக்கும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. தாமிரபரணியும் கடனா நதியும் கூடும் திருப்புடைமருதூரில், மக்கள் ஆர்வத்தால் 2005-இல் அமைந்த பறவைகள் காப்பகம், அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. கூந்தன்குளமும் வேடந்தாங்கலும் 2022-இல் ராம்சர் பட்டியலில் ஏறி உலகம் அறிந்த நீர்நிலைகள் ஆகிவிட்டன. 1979-இல் உரம் என்று சொன்ன ஆச்சி இருந்தால் சிரித்திருப்பார்.

நண்பர்களே, இந்த மலர் வெளியாகும் நாளில் அந்த நோட்டுக் கட்டைத் துறை நூலகத்தில் ஒப்படைக்கிறேன். இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி வளாகத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று மேற்கு மதில் ஓரம் இன்னமும் இருக்கிறது. போன மார்கழியில் நான் போய் நின்றேன். இரண்டு வாலாட்டியும் ஓர் உள்ளானும் இருந்தன. பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆனாலும் வருகிற பொங்கலுக்கு அங்கே போய் எண்ணுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். என்றைக்காவது என்னைப்போல ஒருவன் மே மாதத்தில் ஃபைலோடு வந்து நிற்பான். அவனிடம் காட்ட உங்கள் கையில் ஒரு மார்கழி இருக்கட்டும்.

– முன்னாள் மாணவன், பி.எஸ்ஸி. விலங்கியல் (1976–79)