பூட்டும் நெருப்பும்

2001 மே மாத முற்பகுதியில் மாவனல்லையில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. அன்று பேஸ்புக்கும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. 2018 மார்ச்சில் கண்டிக்கு அப்பாலுள்ள திகனயில் அதேபோன்ற நெருப்பு மூண்டபோது, அரசு அவசரகால நிலையை அறிவித்ததோடு நில்லாது, மார்ச் 7 முதல் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றையும் முடக்கியது. வெறுப்புப் பரவலைத் தடுக்கவே என்றது.

வட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறைகுறியாக்கப்பட்டவை. அனுப்புபவரும் பெறுபவரும் அன்றி எவரும் வாசிக்க இயலாது. திறக்க முடியாத பூட்டுக்காக வாசலையே அடைத்தாயிற்று! அமெரிக்காவும் 1996 வரை மறைகுறியாக்க மென்பொருளை ஆயுத ஏற்றுமதிப் பட்டியலில் வைத்திருந்தது. ஆயினும் 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி கடல் கடந்தது. இங்கும் அப்படியே. வீபிஎன் என்னும் இன்னொரு மறைகுறியாக்க வழியைக் கற்றவர்கள் உள்ளே நுழைந்தனர். ஏறத்தாழ ஒரு வாரம், உறவினரின் நலம் விசாரிக்கத் தவித்த எளியவர்களுக்கே கதவு அடைபட்டிருந்தது.