புகைப்படமும் கலைத் தகுதியும்: ஈழத்து அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1839இல் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது அது விஞ்ஞானத்தின் சாதனையாகவே கொள்ளப்பட்டது. இயந்திரம் வரையும் உருவிலே கலைஞனுக்கு இடமேது என்ற வினா நெடுங்காலம் நிலவியது. அது கலைகளுக்கு ஏவல் செய்தாற் போதும் என்பதே 1859இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலயரின் நிலைப்பாடு. அமெரிக்காவில் ஸ்டீக்லிட்ஸ் 1902இல் தொடக்கிய இயக்கமும், 1940இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலை புகைப்படத்துக்கெனத் தனிப்பிரிவு அமைத்தமையும் இந்நிலையை மாற்றிய முக்கிய கட்டங்களாகும்.

இலங்கையில் கமரா குடியேற்ற ஆட்சியின் தேவைகளோடு வேரூன்றியது. ஜோசப் லோட்டன் 1870-71இல் அநுராதபுரம், பொலன்னறுவை இடிபாடுகளைப் பதிவுசெய்தமை தொல்லியற் பணியாகும். 1875இல் இங்கு குடியேறி 1879இல் மறைந்த ஜூலியா மார்கரட் கமரன் கலைநோக்குடன் படமெடுத்தவர். ஆயினும், இங்கிலாந்தில் தென்னிசனையும் டார்வினையும் பெயர் சுட்டிப் படமாக்கிய அவர், இங்கு எடுத்த படமொன்றில் உள்ளோரைக் களுத்துறைக் குடியானவர் என்று மட்டுமே குறித்தார். யாருக்குப் பெயருண்டு என்பதும் கலை வரலாற்றின் வினாவே.

புகைப்படத்தின் தனித்துவத்தை இங்கு நிலைநாட்டியவருள் முதன்மையானவர் லயனல் வென்ட் (1900-1944). ஒளியைப் பாய்ச்சி ஒளிநிழலைத் தலைகீழாக்கும் சோலரைசேஷன், பல படங்களை ஒன்றிணைத்தல் முதலிய இருட்டறை உத்திகளைக் கையாண்டு, படம் தானாக அமைவதன்று, ஆக்கப்படுவது என்பதை அவர் மெய்ப்பித்தார். 1938இல் லண்டனில் அவரது தனிக்காட்சி நடைபெற்றது. ஜோர்ஜ் கீற் முதலிய ஓவியரின் ‘43 குழு’ 1943இல் அவரது இல்லத்திலேயே உருவாயிற்று. ஓவியர் நடுவே புகைப்படக்காரர் சமமாக அமர்ந்தமை ஒரு திருப்புமுனை எனலாம்.

எனினும் இவ்வங்கீகாரத்தின் சமூக அடிப்படையை நாம் மறத்தலாகாது. வென்ட் உயர்நீதிமன்ற நீதியரசரின் புதல்வர். சட்டமும் பியானோவும் பயின்றவர். பிழைப்புக்காகப் படமெடுக்க வேண்டாத ஓய்வும் கொழும்பின் நிறுவனங்களும் அவருக்குத் துணைநின்றன. ஊர்தோறும் ஸ்ரூடியோ நடத்தியோர் தொழிலாளராகவே எண்ணப்பட்டனர்.

இரணைமடு நீரால் நெல் விளையும் முரசுமோட்டை போன்ற வன்னிக் கிராமங்களில் புகைப்படத்தின் பொருள் வேறு. அது திருமணத்திற்கும், 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டைக்கும், அந்தியேட்டிக் கல்வெட்டுக்கும் உரியது. 2009இன் பேரழிவுக்குப் பின் அதே படமே உறவின் சாட்சியமாயிற்று. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் போராட்டம் தொடங்கிய தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களையே ஏந்தியிருந்தனர். எடுத்தவர் பெயர் அப்படங்களில் இல்லை. அவற்றிலுள்ள முகங்களுக்கோ பெயருண்டு.

புகைப்படம் ஓவியத்தின் நிழலிலிருந்து விடுபட்டமை வரலாற்று முன்னேற்றமே. ஆனால் அவ்விடுதலையை மக்கள் வாழ்விலிருந்து பெற்ற விடுதலையாகக் கொள்வது தவறு. ஈழத்துப் புகைப்பட வரலாறு கொழும்பின் கலைக்கூடத்தோடு வன்னியின் பெயரறியாப் படப்பிடிப்பாளரையும் சேர்த்து எழுதப்படும்போதே முழுமை பெறும்.