எண்ணப்படாத வாசகர்: சென்னையின் மேற்குப் புறநகரில் நாளிதழ்ப் பகிர்வு

காசு கொடுக்காமல் பேப்பர் படிப்பது கைப்பேசியோடு வந்த பழக்கம் அன்று. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப்பும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்த 1950, 60களிலேயே இந்த வட்டாரத்தின் டீக்கடை பெஞ்சுகளில் அது வேரூன்றிவிட்டது. இரவு ஷிப்டு முடித்து வருபவர் கையில் முதல் பக்கம், எதிரே இருப்பவரிடம் சினிமா பக்கம், வாசலில் நூல் கட்டித் தொங்கும் வால்போஸ்டர். ஒரு பிரதி மதியத்துக்குள் எண்ணெய்க் கறையோடு எத்தனையோ கை மாறிவிடும். இதற்காக எந்தப் பதிப்பாளரும் டீக்கடைக்காரர் மீது வழக்குப் போடவில்லை. அந்த மௌனத்தின் காரணம் தெரிந்தால்தான், வாட்ஸ்அப்பில் வரும் பி.டி.எஃப். மட்டும் ஏன் குற்றமானது என்பது விளங்கும்.

இந்தப் பொதுவாசிப்பு பெஞ்சோடு நிற்கவில்லை. திராவிட இயக்கத்தார் தெருவுக்குத் தெரு வைத்த படிப்பகங்களும், 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே வளர்ந்த கிளை நூலகங்களும் அதைப் பரப்பின. 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தியின் எளிய நடை, எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் இந்த வட்டத்துக்குள் இழுத்து வந்தது.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரு பிரதியாவது விலைக்கு வாங்கப்பட்டது. அதைவிட முக்கியம், படித்தவர்கள் கணக்கில் வந்தார்கள். விற்ற பிரதிகளைத் தணிக்கை செய்ய 1948இல் ஏ.பி.சி. அமைப்பு உருவானது. 1995இல் தொடங்கிய இந்திய வாசகர் கணக்கெடுப்பு, வாங்கியவரை விட்டுப் படித்தவரை எண்ணியது. ஒரு பிரதிக்கு இத்தனை வாசகர் என்று காட்டித்தான் விளம்பரம் பிடித்தார்கள். அட்டை விலை அச்சுச் செலவுக்கே போதாத தொழிலில், ஓசி வாசகரும் விளம்பரக்காரருக்கு விற்கப்பட்ட சரக்குதான். டீக்கடை பெஞ்சு பதிப்பாளருக்கு நட்டமாக இருக்கவில்லை. சம்பளம் இல்லாத விற்பனைப் பிரிவாக இருந்தது.

சட்டமும் முற்றிலும் இறுக்கமாக இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்பு நிகழ்வுச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. நடப்பு அரசியல், பொருளாதார, சமூக, சமயப் பொருள் பற்றிய கட்டுரையை, ஆசிரியர் உரிமையை வெளிப்படையாகத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத வரை, இன்னொரு இதழ் மறுபதிப்புச் செய்யலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. செய்தித் தகவல் யாருக்கும் சொந்தமில்லை. அதை எழுதிய விதத்துக்கே உரிமை. ஒரு முழு நாளிதழைப் பக்கம் விடாமல் பரப்புவது இந்த விலக்குகள் எதிலும் அடங்காது.

திருப்பம் 2020 மார்ச்சில் வந்தது. காகிதத்தில் கொரோனா ஒட்டி வரும் என்ற பயத்தில் வீடுகள் பேப்பரை நிறுத்தின. அடுக்குமாடி வாசலிலேயே பேப்பர் போடும் பையனைத் தடுத்தார்கள். விடியுமுன் நாளிதழ்கள் பி.டி.எஃப். வடிவில் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் வந்து விழத் தொடங்கின. பதிப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு என்பேன்: பலர் இ-பேப்பரை ஆண்டுக்கணக்கில் இலவசமாகத் திறந்து வைத்துவிட்டு, நெருக்கடியில்தான் பூட்டினார்கள். இந்தியச் செய்தித்தாள் சங்கம் இது சட்டவிரோதம், குழு அட்மினும் பொறுப்பு என எச்சரித்தது. அதே ஆண்டு மே 29 அன்று நாளிதழ் நிறுவனமான ஜாக்ரன் பிரகாஷன் தொடுத்த வழக்கில், அதன் இ-பேப்பரைப் பரப்பிய சேனல்களை முடக்கவும் நடத்தியவர் விவரத்தைத் தரவும் டெலிகிராமுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அட்மின் மீதான மிரட்டல் மட்டும் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, உறுப்பினர் போட்ட பதிவுக்கு வெறும் அட்மினாக இருப்பவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது. அது பதிப்புரிமை வழக்கு அன்று என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இழப்பு உண்மைதானா? பூந்தமல்லி மெட்ரோ பணி பற்றிய செய்தியையோ, கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீர் பற்றிய செய்தியையோ செல்போனில் படம் பிடித்து குடியிருப்போர் நலச் சங்கக் குழுவில் போடுபவர் யாருடைய விற்பனையையும் கெடுப்பதில்லை. அந்தக் கட்டிங் பேப்பரின் பெயரையும் சுமந்து போகிறது. இப்படிப்பட்ட துணுக்குகளை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பெயின் உதாரணம்: அங்கே செய்தித் துணுக்குக்குக் கட்டணம் கேட்டுச் சட்டம் வந்ததும் 2014இல் கூகுள் நியூஸ் கடையைக் கட்டியது. அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் சூசன் ஏத்தி குழுவினர், வாசகரை இழந்தவை பெரும்பாலும் சிறு இதழ்களே என்று கண்டார்கள். தடையைப் பெரிய பெயர்கள் தாங்கும், சின்னவை தாங்காது.

முழுப் பதிப்பின் கதை வேறு. அதற்காக, குழுவில் பி.டி.எஃப். திறக்கும் ஒவ்வொருவரையும் இழந்த சந்தாதாரராகக் கணக்குப் போடுவதை ஏற்க முடியாது. அவர்களில் பலர் டீக்கடையில் மட்டுமே படித்தவர்கள். உண்மையான மாற்றம், அந்தப் பழைய ஓசி வாசகர் இப்போது எந்த ஏட்டிலும் இல்லை என்பதே. ஏ.பி.சி. சான்றில் குழுவில் சுற்றும் பி.டி.எஃப். நகல் ஏறாது. வாசகர் கணக்கெடுப்போ 2019க்குப் பின் ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் கிடந்தது. படிக்கும் கண்கள் குறையவில்லை, விளம்பரக்காரரிடம் காட்டும் எண் குறைந்தது. இதில் முதலில் அடிபடுபவர் தலைமை அலுவலகத்தில் இல்லை. வீட்டுக்கு வீடு மாத வசூலில் பிழைக்கும் ஏஜென்டும், அம்பத்தூர், ஆவடிச் செய்திக்கென்று இருக்கும் பகுதிநேர நிருபரும்தான். உள்ளூர் விளம்பரம் சுருங்கினால் முதலில் போவது உள்ளூர்ப் பக்கம்.