பாகங்களும் தெரிவுரிமையும்: தனியாள் கணினியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

மேசைக் கணினியொன்றைப் பாகம் பாகமாகத் தெரிந்தெடுத்துத் தாமே பூட்டிக்கொள்வோர் இன்று உலகின் பல பகுதிகளிலும் உளர். செயலி ஒரு நிறுவனத்தினது, தாய்ப்பலகை மற்றொன்றினது, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, வரைவியல் அட்டை, உறை ஆகியன வேறு வேறு நிறுவனங்களின் உற்பத்திகள். ஒருவரையொருவர் அறியாத தொழிலாளர் பல நாடுகளிற் செய்த இப்பொருள்கள், வாங்கியவரின் மேசையில் ஒரு திருப்புளியின் துணையுடன் ஒன்றிணைந்து இயங்கத் தொடங்குகின்றன. இதனை வாங்குபவரின் அறிவு, சுவை, பணவசதி ஆகியவற்றோடு மட்டும் தொடர்புபட்ட விடயமாகக் கொள்வதே பொதுவழக்கு. எந்தப் பாகம் சிறந்தது என்ற வினா ஓயாது எழுப்பப்படுகிறது. பாகங்களைத் தெரிவுசெய்தல் என்பது எவ்வாறு சாத்தியமாயிற்று என்ற வினா எழுப்பப்படுவது அரிது. இரண்டாவது வினாவே எமது கட்டுரையின் பொருளாகும்.

பல பாகங்களாலான பண்டம் முதலாளித்துவ உற்பத்திக்குப் புதியதன்று. ‘மூலதனம்’ நூலின் முதலாம் பாகத்தில் (1867) வேலைப் பிரிவினையை ஆராயும் மார்க்ஸ், கடிகாரத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். தனித்தனியே செய்யப்பட்ட எண்ணிறந்த பாகங்கள் இறுதியிலேயே ஒருவர் கையில் ஒன்றுசேர்கின்றன. எனவே அவற்றைச் செய்வோர் யாவரும் ஒரே பட்டறையிற் கூடியிருத்தல் இன்றியமையாததன்று என்பது அவரது அவதானம். ஆயினும் அக்கடிகாரத்தை வாங்கியவர் அதன் பாகங்களைத் தெரிவுசெய்தாரல்லர். ஒருவர் செய்த பாகத்தை அகற்றி, மற்றொருவர் செய்ததை அவ்விடத்திற் பொருத்துவதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். பாகங்கள் சந்திக்கும் இடத்தின் அளவு, மின்னழுத்தம், சமிக்ஞை முதலியன யாவரும் அறிந்த நியமமாதல் வேண்டும். அந்நியமத்தைப் பயன்படுத்துவோரைத் தடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் குவிந்திருத்தலாகாது. முன்னையது தொழினுட்பஞ் சார்ந்தது. பின்னையது சொத்துறவு சார்ந்தது. கணினியின் வரலாற்றிற் பின்னையதே போராட்டக் களமாயிற்று.

1975 ஜனவரியில் ‘பொப்பியுலர் எலெக்ட்ரோனிக்ஸ்’ சஞ்சிகை, நியூ மெக்சிக்கோ மாநிலத்து மிட்ஸ் நிறுவனத்தின் ‘அல்டெயர் 8800’ என்னும் கணினியை அறிமுகஞ் செய்தது. 400 டொலருக்குட்பட்ட விலையில் உதிரிகளாகக் கிடைத்த அதனை வாங்கியவரே ஒட்டிணைத்தல் வேண்டும். அதன் அடிப்படை நினைவகம் 256 பைட்டுகளே. மிட்ஸ் தயாரித்த மேலதிக நினைவக அட்டைகள் ஒழுங்காக இயங்காமையால், வேறு சிறு நிறுவனங்கள் அதே 100 முனை இணைப்பிற்குப் பொருந்தும் அட்டைகளைச் செய்து விற்கலாயின. திட்டமிடாது தோன்றிய அவ்விணைப்பு, எஸ்-100 என்ற பெயரில் ஒரு பொது நியமமாக வளர்ந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் கலிபோர்னியாவில் முதன்முதலாகக் கூடிய ‘ஹோம்புரூ’ கணினிக் கழகத்தினர் சுற்று வரைபடங்களையும் நிரல்களையும் தம்முட் பகிர்ந்துகொண்டனர். 1976 பெப்ரவரியில் பில் கேட்ஸ் வெளியிட்ட பகிரங்கக் கடிதம், இப்பகிர்வினைத் திருட்டு எனக் கண்டித்தது. அறிவு பொதுச்சொத்தா, தனிச்சொத்தா என்ற முரண்பாடு இத்துறையின் பிறப்போடு கூடவே பிறந்ததென்பதை இங்கு அவதானிக்கலாம்.

எனினும் இன்றைய மேசைக் கணினியின் நேரடி மூதாதை அல்டெயர் அன்று. 1981 ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த தனியாள் கணினியே அது. பெருங்கணினிச் சந்தையில் நெடுங்காலம் மேலாதிக்கஞ் செலுத்திய ஐ.பி.எம்., தன் பொருள்களின் முக்கிய உறுப்புகளைத் தானே செய்யும் வழக்கமுடையது. சிறுகணினிச் சந்தையிற் பின்தங்கிவிட்ட நிலையில், டொன் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான புளோரிடாக் குழு ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஒரு பொறியைத் தரவேண்டியிருந்தது. எனவே அக்குழு செயலியை இன்டெல்லிடமும், பணிசெயல் முறைமையை மைக்ரோசொப்ட்டிடமும், நெகிழ்வட்டு இயக்கியை டாண்டனிடமும் பெற்றது. பிறரும் துணை அட்டைகளைச் செய்து சந்தையை விரிவாக்கட்டும் என்ற நோக்குடன் சுற்று வரைபடங்களையும், அடிப்படை நிரலான பயோஸின் முழு வரிகளையும் கையேடாக அச்சிட்டு விற்றது. ஆயின் அவ்வரிகளின் பதிப்புரிமை ஐ.பி.எம்மிடமே இருந்தது. படிக்கலாம், பிரதிசெய்தலாகாது என்பதே நிலைமை. இத்திறப்பு தாராள மனப்பான்மையின் விளைவன்று. விரைந்து சந்தையைப் பிடிக்கவேண்டிய மூலதனத்தின் அவசரமே அதனைத் தோற்றுவித்தது.

அவ்வவசரம் ஐ.பி.எம்மிற்கே எதிராகத் திரும்பியது. 1982 இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலிருந்து விலகிய மூவர் தொடங்கிய கொம்பாக், பயோஸினைச் சட்டத்துக்கு முரணாகாத முறையில் மீள ஆக்கியது. ஒரு குழுவினர் அந்நிரலைப் படித்து அது செய்யும் தொழில்களை மட்டும் விவரித்தனர். மூல நிரலைக் கண்ணுறாத மற்றொரு குழுவினர் அவ்விவரணத்தைக் கொண்டு புதிதாக எழுதினர். ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்ட ஒன்றினைச் சொத்துரிமையின் பொருட்டு மட்டும் மீண்டும் செய்வதில் மனித உழைப்பு செலவழிந்தது. உற்பத்தி உறவுகள் உற்பத்திச் சக்திகளுக்குத் தளையாதல் பற்றிப் பேசுவோருக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது. 1984 இல் பீனிக்ஸ் நிறுவனம் இவ்வகை பயோஸினை விலைகொடுக்கும் எவர்க்கும் விற்கத் தொடங்கியதும், ஐ.பி.எம். ஒப்புக் கணினிகளைச் செய்தல் எளிதாயிற்று.

இழந்த பிடியை மீட்க முயன்ற ஐ.பி.எம்., 1987 இல் பி.எஸ்/2 என்ற வரிசையுடன் ‘மைக்ரோ சனல்’ என்ற புதிய இணைப்பினைக் கொணர்ந்து, அதனைப் பயன்படுத்துவோரிடம் உரிமக் கட்டணம் கோரியது. கொம்பாக், ஹியூலெட்-பக்கார்ட், எப்சன் முதலிய ஒன்பது நிறுவனங்கள் 1988 இல் ஒன்றுகூடிப் பழைய அட்டைகளும் பொருந்தும் மாற்று நியமமொன்றை அறிவித்தன. மைக்ரோ சனல் நிலைக்கவில்லை. 2005 இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணினித் தொழிலையே சீனாவின் லெனோவோவிடம் கையளித்தது. ஒரு பெருமூலதனத்தின் ஏகபோகத்தை முறியடித்தவை வேறு மூலதனங்களே. அவற்றின் போட்டியிடையே விளைந்த ஒரு துணைப்பயனே வாங்குவோரின் தெரிவுரிமை.

ஏகபோகம் இதனால் ஒழிந்துவிடவில்லை, இடம்பெயர்ந்தது. ஏ.எம்.டி. நிறுவனத்துக்குத் தன் செயலிகளைச் செய்யும் உரிமத்தை 1982 இல் வழங்கியிருந்த இன்டெல், 1985 இல் வெளிவந்த 386 செயலியை வழங்க மறுத்தது. ஏ.எம்.டி.யின் 386 வெளிவர 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். நியமத்தை வெளியிட்டது. தாய்ப்பலகையின் அளவு 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர் எனவும், திருகாணித் துளைகள் இன்ன இடத்தில் எனவும், மின்வழங்கியின் இணைப்பு இன்னவாறு எனவும் அது வரையறுத்தது. தாமே கணினி பூட்டுவோர் இன்றும் அதன் பயனையே நுகர்கின்றனர். ஆனால் தாய்ப்பலகை செய்வோர் பலராகிப் போட்டியிட்டு விலை குறையுமாயின், செயலிக்கான கேள்வி பெருகும் என்பதே இன்டெல்லின் கணக்கு. தன் சொந்தப் பண்டத்தின் வாயிலை அது அவ்வாறு திறந்துவைக்கவில்லை. இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் ஆகிய மூவரின் செயலிகளையும் ஏற்ற ‘சொக்கெட் 7’ இணைப்பினைக் கைவிட்டு, 1997 இல் பென்டியம் II செயலியுடன் தனக்கே உரிய இணைப்பொன்றைக் கொணர்ந்தது. இன்று செயலியைத் தெரிந்தவுடன் தாய்ப்பலகையின் வகையும் தீர்மானமாகிவிடுவதன் வரலாற்றுக் காரணம் இதுவே.

பாகங்களைச் செய்தோரை மறந்து இவ்வரலாற்றை எழுதுதல் முறையன்று. ஐக்கிய அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல்லின் முதலாவது தொழிற்சாலை 1972 இல் மலேசியாவின் பினாங்கில், சுதந்திர வர்த்தக வலயத்தில் நிறுவப்பட்டது. நுண்ணிய கம்பிகளை இணைத்துச் சில்லுகளை முழுமையாக்கியோர் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்களே. தாய்ப்பலகைத் தொழில் தாய்வானில் வேரூன்றி, பின்னர் கூலி குறைந்த சீனப் பெருநிலத்துக்குப் பரவியது. இச்சங்கிலியின் இறுதிக் கண்ணியாகிய பூட்டும் வேலையை வாங்குபவர் கூலியின்றித் தாமே செய்கிறார். அதில் அவர் அடையும் மகிழ்ச்சி உண்மையானது. தம் கையால் ஒன்றை முழுமையாக ஆக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட சமுதாயத்தில் அம்மகிழ்ச்சியை நாம் எள்ளி நகையாடுதல் தகாது.

இன்றைய நிலையை நோக்குவோம். நினைவகங்கள் பல வணிகப் பெயர்களில் விற்கப்படினும், அவற்றின் சில்லுகளிற் பெரும்பகுதியைச் செய்வோர் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூவரே. ஏ.எம்.டி. தன் செயலிகளின் கணிப்புச் சில்லுகளை 2019 முதல் தாய்வானின் டி.எஸ்.எம்.சி.யிடம் செய்விக்கிறது, 2024 இல் இன்டெல் வெளியிட்ட மேசைக் கணினிச் செயலிகளின் கணிப்புச் சில்லும் அங்கேயே செய்யப்பட்டது. கடைத்தட்டில் எதிரெதிரே நிற்கும் இரு பெட்டிகளின் உள்ளீடும் ஒரே நிறுவனத்தின் ஆலைகளிலிருந்து வரக்கூடும்.

அவ்வாறாயின் தெரிவுரிமை வெறும் மாயையே எனச் சிலர் முடிவுகட்டலாம். நாம் அதனை ஏற்கமாட்டோம். பழுதான நினைவகத்தை மட்டும் மாற்றிப் பொறியைத் தொடர்ந்து இயக்குவதும், பழைய கணினிக்குப் புதிய பாகம் பொருத்தி அதன் ஆயுளை நீட்டுவதும் பாவனைப் பெறுமதி சார்ந்த மெய்யான பயன்கள்; வசதி குறைந்தோருக்கு அவை பெரும் பயன்கள். எதிர்த்திசைப் போக்கும் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1984 இன் மக்கின்டொஷ், வாங்கியவர் திறவாதவாறு மூடப்பட்டே வந்தது. 2020 முதல் அப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் நினைவகத்தைச் செயலியுடன் ஒரே பொதியாக்கி வருகிறது. வேகம், மின்சிக்கனம் ஆகிய தொழினுட்ப நியாயங்கள் இதற்கு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பின்னொருநாள் நினைவகத்தைக் கூட்டும் உரிமை அத்துடன் வாங்கியவரிடமிருந்து நீங்கிவிடுகிறது.

போட்டியின் துணைப்பயனாகக் கிடைத்த உரிமை, போட்டி தணியும்போது பறிபோகவுங் கூடும். எனவே பாகங்களை ஒப்புநோக்குவோர் அவை சந்திக்கும் இணைப்புகளையும் நோக்குதல் வேண்டும். அவ்விணைப்பினை வரையறுத்தவர் யார், அது யாருடைய சொத்து, நாளை அதனை மூடிவிடும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பனவே அடிப்படை வினாக்கள். அவ்விணைப்புகள் பொதுச்சொத்தாகப் பேணப்படும்போதுதான் தெரிவுரிமை சந்தையின் சலுகை என்ற நிலையினின்று உயர்ந்து, உரிமை என்ற பெயருக்குத் தகுதி பெறும்.