கைஸுரான்: ஒரு பெயரின் வரலாறு

'கைஸுரான்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பிரம்பு என்பது பொருள். வளைந்தும் ஒடியாத அதன் இயல்பை மெல்லிடைக்கு உவமையாக்கினர் அரபுக் கவிஞர். அப்பாஸியர் காலத்தில் முத்து, மலர், செடி முதலியவற்றின் பெயர்கள் அடிமைப் பெண்களுக்கு மிகுதியும் சூட்டப்பட்டன. யமனிலிருந்து வந்த அடிமைப் பெண் ஒருவரும் இப்பெயர் பெற்றார். கலீஃபா மஹ்தி அவரை விடுதலை செய்து மணந்தார். அவர்தம் மக்கள் ஹாதியும் ஹாரூன் ரஷீதும் அடுத்தடுத்துக் கலீஃபாக்களாயினர்.

மக்காவில் அண்ணலார் (ஸல்) பிறந்த இல்லத்தைப் பள்ளிவாசலாக்கியவர் கைஸுரானே. ஹிஜ்ரி 173இல் (கி.பி. 789) அவர் மறைந்தபோது, ஹாரூன் வெறுங்காலுடன் சேற்றில் நடந்து ஜனாஸாவுடன் சென்ற செய்தியைத் தபரீ பதிந்துள்ளார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அடங்கியுள்ள பக்தாத் அடக்கத்தலம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

எனினும், அவருடைய உடன்பிறந்தாள் மகளும் மருமகளுமாகிய ஸுபைதாவின் பெயர் 'ஜுபைதா' எனத் தமிழகம்வரை பரவியிருக்க, கைஸுரான் அருகியே காணப்படுகிறது. ஸுபைதா என்பதும் வெண்ணெயைக் குறிக்கும் சொல்லின் வழிவந்த செல்லப்பெயரே. ஆனால், அது பாட்டனாரான கலீஃபா மன்ஸூர் பேத்தியைக் கொஞ்சியழைத்தது. முன்னது அடிமைக்கு இட்ட பெயர். அரண்மனைப் பெயரை ஏற்ற நாம் அடிமையின் பெயரை மறந்தோம் போலும். இறையச்சத்தாலன்றிப் பிறப்பால் உயர்வில்லை என்போர் சிந்திக்க வேண்டிய செய்தி இது.