வளைந்த மூலக்கூறும் ஒரு நூற்றாண்டுக் கேள்வியும்

பாயும் திரவம் ஒன்று தானாகவே மின்முனைவு கொண்டிருக்க இயலுமா? 1916-இல் மாக்ஸ் பார்ன் இதற்கு ஆம் என்றார். மூலக்கூறுகளின் மின் இருமுனைகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசையே நெமாட்டிக் திரவப் படிகத்தை உருவாக்குகிறது என்பது அவர் கொள்கை. சோதனைகள் அதை ஏற்கவில்லை. நெமாட்டிக்கில் குச்சி வடிவ மூலக்கூறுகள் ஓர் அச்சையொட்டி நின்றாலும், தலைமாறி நிற்பவையும் சம அளவில் இருப்பதால் முனைவு மறைந்துவிடுகிறது.

குச்சி வடிவம்தான் திரவப் படிகத்திற்கு அடிப்படை என்ற எண்ணத்தை உடைத்தது பெங்களூர். சி. வி. ராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1971-இல் ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார். 1977-இல் அவரும் சதாசிவா, சுரேஷ் ஆகியோரும் வட்டு வடிவ மூலக்கூறுகளின் திரவப் படிகத்தைப் 'பிரமாணா' இதழில் அறிவித்தனர். வடிவம் மாறினால் ஒழுங்கும் மாறும் என்பது உறுதியாயிற்று.

அடுத்து வந்தது வாழைப்பழம்போல் வளைந்த மூலக்கூறு. 1996-இல் தோக்கியோவின் நியோரி, தாக்கெசோயே குழுவினர், இடவலப் பண்பற்ற இம்மூலக்கூறுகளும் அடுக்கு நிலையில் மின்புலத்திற்கேற்ப முனைவைத் திருப்புவதைக் கண்டனர். வளைவுகள் ஒரே பக்கம் நோக்கி அடுங்கும்போது இருமுனைகளும் ஒருதிசைப்படுவதே காரணம். 2000-இல் பிரதிபா, மதுசூதனா, சதாசிவா ஆகியோர், குச்சி மூலக்கூறுகளின் அடுக்குகளில் கலந்த வளைந்த மூலக்கூறுகள் தம்முள் ஒழுங்குற்று ஈரச்சு நிலையை உருவாக்குவதைச் 'சயன்ஸ்' இதழில் காட்டினர்.

அடுக்கற்ற நெமாட்டிக்கிலும் இது நிகழுமா? 2009-இல் பிரான்செஸ்காஞ்செலி குழுவினர் வளைந்த மூலக்கூறு நெமாட்டிக்கில் முனைவுத் திருப்ப மின்னோட்டத்தை அளந்தனர். ஆயினும் அது திரவம் முழுவதன் இயல்பன்று. நெமாட்டிக்கினுள் சிறு அடுக்குத் திரள்கள் உள்ளன; அவை ஒவ்வொன்றும் முனைவுடையவை; மின்புலம் அவற்றை ஒருதிசைப்படுத்துகிறது. புலத்தால் தூண்டப்பட்ட முனைவு வேறு. தன்னியல்பான முனைவு வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே இத்துறையின் கடினமான பாடம்.

பார்னின் கனவு இறுதியில் மெய்ப்பட்டது குச்சியொத்த மூலக்கூறுகளிலேயே. 2017-இல் ஜப்பானின் நிஷிகாவா குழுவினரும் இங்கிலாந்தின் மாண்டில் குழுவினரும் வலிய இருமுனை கொண்ட இருவேறு சேர்மங்களில் புதிய நெமாட்டிக் நிலைகளைக் கண்டனர். 2020-இல் அமெரிக்காவின் போல்டர் குழுவினர் மாண்டிலின் சேர்மத்தில் புலமின்றியே முனைவு நிலைப்பதையும், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 6 மைக்ரோகூலூம் அளவை அது எட்டுவதையும் நிறுவினர். வளைவில் தேடிய விடை நேரான மூலக்கூறில் கிடைத்தது. ஆனால் எதை விடையென ஏற்கலாகாது என்பதை வளைந்த மூலக்கூறுகளே முன்னதாகக் கற்பித்திருந்தன.