பொத்தான் சொல்லும் சாட்சியம்

மண்ணுக்குள் கிடக்கும் சிறு பொருள்களில், படைவீரர் அங்கியின் பொத்தானைப் போலத் தன் வயதைத் தானே சுமந்திருப்பவை அரிது. இங்கிலாந்தின் வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியை ஏந்தி நடப்போர் அத்தகைய பொத்தான்களை அடிக்கடி கண்டெடுக்கின்றனர். கையில் எடுத்ததும் இரண்டு கேள்விகள் எழும்: இது எந்தப் படைக்குரியது? எந்தக் காலத்தது? இவற்றுக்கு விடை காணும் முறை வரலாற்றை மட்டும் கற்பிப்பதில்லை. ஒரு சாட்சியத்தை எந்த எல்லை வரை நம்பலாம் என்பதையும் கற்பிக்கிறது.

முதலில் முகப்பைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் காலாட்படையினர் தம் ரெஜிமெண்டின் எண்ணைப் பொத்தானில் பொறிக்க வேண்டும் என்னும் அரசாணை 1767இல் பிறந்தது. 1871இல் சாதாரண வீரர்களுக்கு அரச இலச்சினை பொறித்த பொதுப் பொத்தான் வழங்கப்பட்டது. அதன்பின் எண் பொறித்த பொத்தான் அதிகாரிகளிடமே எஞ்சியது. 1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் பெரும்பாலான ரெஜிமெண்டுகளின் எண்களை நீக்கி, மாவட்டப் பெயர்களைச் சூட்டியது.

அடுத்து உலோகம். 1855 வரை சாதாரண வீரரின் பொத்தான் பெரும்பாலும் வெள்ளீயக் கலவையால் ஆனது. பிறகு பித்தளை வந்தது. 1950கள் முதல் பொன்னிறம் ஏற்றிய அலுமினியம் பரவியது. மகுடம் இருந்தால் அதன் வளைவுகளை நோக்க வேண்டும். அவை குவிமாடம் போல் உயர்ந்து நின்றால், 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலமாகக் கொள்ளலாம். நடுவில் தாழ்ந்திருந்தால், 1953க்குப் பிந்திய எலிசபெத் அரசியின் காலமாகலாம். விக்டோரியா அரசி காலத்து மகுடங்களிலும் அத்தகைய தாழ்வு உண்டு. ஆகவே மகுடம் மட்டும் தீர்ப்புச் சொல்லாது. உலோகமும் பின்புறமும் உடன்பட வேண்டும்.

பின்புறத்தில் செய்தவரின் பெயர் இருக்கலாம். லண்டனின் ஃபர்மின், பர்மிங்ஹாமின் ஸ்மித் அண்ட் ரைட் முதலிய நிறுவனங்களின் பெயரும் முகவரியும் காலந்தோறும் மாறின. அவற்றைப் பழைய வணிகப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் கால எல்லை மேலும் குறுகும்.

நம் ஹதீஸ் அறிஞர்கள் ஒரு செய்தியின் வாசகத்தை மட்டும் பார்த்து நின்றுவிடவில்லை. அது யார் யார் வழியாக வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தனர். பொத்தானின் முகப்பு வாசகம் என்றால், அதன் பின்புறம் தொடர். இரண்டும் பொருந்தினால்தான் முடிவு உறுதிப்படும்.

உறுதிப்பட்ட முடிவுக்கும் எல்லை உண்டு. பொத்தான் செய்யப்பட்ட காலம் வேறு, அது மண்ணில் விழுந்த காலம் வேறு. பழைய படை அங்கிகளை உழவர்கள் வாங்கி உடுத்தினர். கிழிந்த கம்பளித் துணிகள் வயல்களில் உரமாகவும் இடப்பட்டன. அவற்றோடு பொத்தான்களும் மண்ணில் சேர்ந்தன. பொத்தான் கிடைத்த இடமெல்லாம் போர்க்களம் ஆகாது.

69 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அது தமிழ் மண்ணோடு தொடர்புடையது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, அங்கிருந்த ஆங்கிலேயப் படையினர் 69ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்தோர். அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று பிற்பகலுக்குள் கொல்லப்பட்ட சிப்பாய்களோ சில நூறு பேர். எழுச்சிக்கான காரணங்களில் ஒன்று சீருடையே. சமயக் குறிகளை நீக்க வேண்டும், தாடியைக் கத்தரிக்க வேண்டும், தோல் குஞ்சம் பதித்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணை முஸ்லிம்களையும் இந்துக்களையும் ஒருங்கே புண்படுத்தியது. உடையில் கைவைத்தவர்கள் தம் ஈமானிலேயே கைவைத்துவிட்டதாக முஸ்லிம் சிப்பாய்கள் அஞ்சினர். பின்னர் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இனி, 69 பொறித்த ஒரு பொத்தான் கிடைத்தால், "இது வேலூர் எழுச்சியின் சான்று" என்று கூறிவிடலாமா? கூடாது. அதே ரெஜிமெண்டின் இரண்டாம் படையணி 1815இல் பெல்ஜியத்தின் கத்ர் பிரா, வாட்டர்லூ களங்களில் போரிட்டது. ஒரே எண், இரு கண்டங்கள். எண் ரெஜிமெண்டைச் சொல்லும்; இடத்தையும் மனிதரையும் சொல்லாது.

இன்னோர் எண் 129. பலூச்சி ரெஜிமெண்ட் ஒன்று 1903 முதல் 1922 வரை இந்த எண்ணைத் தாங்கியது. அதன் வீரர் குதாதாத் கான், 1914 அக்டோபர் 31இல் பெல்ஜியத்தின் ஹோலபேக் அருகே, இயந்திரத் துப்பாக்கிக் குழுவின் தோழர்கள் அனைவரும் வீழ்ந்த பின்னும் தனித்துப் போரிட்டார். விக்டோரியா சிலுவை விருதை வென்ற முதல் இந்தியப் படைவீரர் அவரே. அவர் பெயரை உலகம் அறியும். கப்ரு இன்னதென்று தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் பிரான்சின் நெவ் ஷபெல் நினைவிடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் முஸ்லிம்களும் பலர். அக்களங்களின் மண்ணிலிருந்து வெளிப்படும் பொத்தான், அத்தகைய ஒருவரின் மார்பில் இருந்ததாகவும் இருக்கலாம்.

இதனால்தான் பொருள் கிடந்த இடம் பொருளைவிட மதிப்புடையதாகிறது. 2001இல் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் பெருங்குழி ஒன்று வெளிப்பட்டது. 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையினர் 3,000க்கும் மேற்பட்டோர் அதில் கிடந்தனர். ரெஜிமெண்ட் எண் பொறித்த பொத்தான்கள் எலும்புகளோடு இருந்தமையால், அவர்கள் எப்படையினர் என்பது துலங்கியது. 2003இல் அவர்கள் மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டனர். யாரேனும் முன்பே அப்பொத்தான்களைப் பொறுக்கிச் சென்றிருந்தால் அந்தச் சாட்சியம் ஊமையாகியிருக்கும்.

கண்டெடுத்த பொருள் குறித்து நம் மார்க்கம் பேசாமல் இல்லை. வழியில் கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தைக்கூட, அது ஸதகாப் பொருளாக இருக்குமோ என்று அஞ்சி நபி (ஸல்) அவர்கள் உண்ணாமல் விட்டார்கள். சிறியது என்பதால் பொறுப்பு குறைவதில்லை. எனவே பிறர் நிலத்தில் அவர் அனுமதியின்றித் தோண்டலாகாது. நாட்டின் சட்டத்தையும் மதிக்க வேண்டும். பிரான்சில் தொல்பொருள் தேடக் கருவியைப் பயன்படுத்த அரசு அனுமதி தேவை. நம் நாட்டில் மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்குமாறு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பணிக்கிறது. வேலூர்க் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தோண்டுவதற்கோ இடமே இல்லை. எலும்பு தென்பட்டால் கையை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். உயிருள்ளவருக்குரிய கண்ணியம் இறந்தவருக்கும் உண்டு என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட நெறி.

வீட்டுப் பெட்டியில் பாட்டனாரின் பழைய பொத்தான் ஒன்று இருந்தால், பிள்ளைகளோடு அமர்ந்து அதன் எண்ணையும் மகுடத்தையும் பின்புறத்தையும் பாருங்கள். பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். பொத்தான் சொன்னது எது, நாம் ஊகித்தது எது என்று இரண்டையும் தனித்தனியே எழுதி வையுங்கள். அறியாத ஒன்றை அறிந்ததாகச் சொல்லாதிருப்பதும் அமானிதமே.

பேரரசு தன் வீரருக்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. மண் அந்த எண்ணை மட்டும் காத்து வைத்தது. அவருடைய பெயரையும், இறுதி மூச்சில் அவர் கொண்டிருந்த எண்ணத்தையும் அல்லாஹ் ஒருவனே நன்கறிவான்.